இலவச சாஃப்ட்வேர் கோடுதானே, சேர்த்தால் என்ன?

கேள்வி: திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்குப் பீஸ் ரேட் கூலி கணக்கிடும் சாஃப்ட்வேர் எழுதி, அவர்கள் கம்ப்யூட்டரிலேயே ஏற்றிக் கொடுக்கிறேன். சோர்ஸ் கோடு (நான் எழுதிய மூல நிரல்) கொடுப்பதில்லை. அதற்குள் ஜிபிஎல் 2 உரிமத்தில் ஒரு லைப்ரரியும் (பிறர் எழுதிவைத்த ஆயத்தக் கோடு), அப்பாச்சி 2.0 உரிமத்தில் இன்னொன்றும் இருக்கின்றன. இரண்டும் ஒத்துப்போகாது என்கிறார் நண்பர். இரண்டுமே இலவசம்தானே?

பதில்: காசு கேட்கவில்லை, அவ்வளவுதான். சொந்தக்காரர் இருக்கிறார். நம் பக்கத்து வண்டித்தடத் தகராறுகளைப் பார்த்திருப்பீர்கள். வண்டி ஓட்டப் பாத்தியம் உள்ளவர் தடத்தில் குழாய் பதித்துவிடுவார், உடனே கோர்ட். (என் அலமாரியில் அந்தக் கட்டுகளுக்குப் பஞ்சமில்லை.) 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தில் கம்ப்யூட்டர் புரோகிராமும் இலக்கியப் படைப்புதான். உரிமத்தின் நிபந்தனையை மீறி அதைப் பிரதி எடுத்து விற்பதும் குழாய் பதித்த கதைதான்.

நண்பர் சொன்னது சரி. தன்னோடு கலந்த முழுப் புரோகிராமும் தன் விதிப்படியே கைமாற வேண்டும், கூடுதலாக ஒரு கட்டுப்பாடும் போடக்கூடாது என்கிறது ஜிபிஎல் 2. அப்பாச்சியோ, அந்தக் கோடு உங்கள் காப்புரிமையை (பேட்டன்ட்) மீறுகிறது என்று நீங்கள் வழக்குப் போட்டால், அது தந்த காப்புரிமை அனுமதி ரத்து என்கிறது. அந்தக் கூடுதல் ஷரத்தில்தான் முட்டுகிறது.

முதலில் ஜிபிஎல் லைப்ரரியின் ஃபைல்களைத் திறந்து, மேலே எழுதியிருப்பதைப் படியுங்கள். ‘பதிப்பு 2 அல்லது அதற்குப் பிந்தையது’ என்றிருந்தால் பிழைத்தீர்கள். 2007-இல் வந்த பதிப்பு 3-ஐ எடுத்துக்கொள்ளலாம், அது அப்பாச்சி 2.0-வோடு சேரும். ஆனால் உங்கள் சாஃப்ட்வேர் முழுவதும் ஜிபிஎல் 3 ஆகிவிடும். விற்கலாம், தடையில்லை. வாங்கியவருக்குச் சோர்ஸ் கோடும் கிடைக்க வழி செய்ய வேண்டும். அவர் அதை அடுத்த கம்பெனிக்குச் சும்மாவே கொடுத்தாலும் நீங்கள் வாய் திறக்க முடியாது.

‘பதிப்பு 2 மட்டும்’ என்றால் இரண்டில் ஒன்றை நீக்கியாக வேண்டும். அப்பாச்சியை நீக்கினாலும் சோர்ஸ் கோடு கொடுக்கும் கடமை போகாது. எனவே ஜிபிஎல் லைப்ரரியை நீக்கிவிட்டு, சோர்ஸ் கோடு கேட்காத எம்ஐடி, பிஎஸ்டி உரிமத்தில் ஒன்றைத் தேடுவதே என் யோசனை. ஜிபிஎல் லைப்ரரியை எழுதியவர் ஒரே ஆள் என்றால் தனி உரிமம் கேட்டும் பார்க்கலாம். தந்தால் எழுத்தில் வாங்குங்கள், வாய்வார்த்தை பதிப்புரிமைச் சட்டத்தின் 30-ஆம் பிரிவுக்குப் போதாது.

அப்புறம், ஏற்கெனவே ஏற்றிய பிரதிகள். ஜிபிஎல் 2-ஐ மீறிய அன்றே உங்கள் உரிமம் தானாக முடிந்துவிடுகிறது. நண்பர் சொன்ன பிறகு ‘தெரியாது’ என்ற பதிலும் கையில் இல்லை. தெரிந்தே மீறினால் அதே சட்டத்தின் 63-ஆம் பிரிவில் சிறைத் தண்டனை வரை உண்டு. புது ஆர்டரை நிறுத்திவைத்துவிட்டு, மாற்றிய பதிப்பை முதலில் பழைய வாடிக்கையாளர்களிடம் ஏற்றுங்கள்.