ஸ்கூபா டைவிங்கிற்கு எந்த ஃபிங்கர் ஸ்பூலைத் தேர்ந்தெடுப்பது?

ஃபிங்கர் ஸ்பூல் என்பது கைப்பிடியோ சுழற்றும் பொறியோ இல்லாத, நடுவில் விரல் நுழையும் துளை கொண்ட, நூல் சுற்றிய உருளை. நீருக்கடியில் இருப்பவர் மேலேறும் முன், தாம் இருக்கும் இடத்தைப் படகுக்கு உணர்த்த, காற்று நிரப்பிய மிதவையை இந்த நூலில் கட்டி மேலே அனுப்புவார்.

அசையும் பாகங்கள் இல்லாததே இதன் பலம். செட்டிநாட்டு வீட்டுக் கிணற்றில் நீர் இறைத்தவர்களுக்குத் தெரியும்: கயிறு ராட்டினச் சக்கரத்தை விட்டு நழுவிப் பக்கவாட்டில் சிக்கிக்கொண்டால், வாளி மேலேயும் வராது, கீழேயும் போகாது. கைப்பிடியுள்ள ரீலில் நூல் சிக்குவதும் அப்படித்தான். விரலில் சுழலும் உருளையில் அந்த வாய்ப்பு மிகக் குறைவு.

நீளத்தில்தான் பலர் தவறுகிறார்கள். நீரோட்டம் மிதவையை இழுப்பதால் நூல் நேராக நிற்காமல் சாய்ந்தே ஓடும். ஆகவே ஆழத்தைவிட நீளம் கூடுதலாக வேண்டும். மேலேறும் வழியில் 5 மீட்டரில் நின்று மிதவையை விடுபவருக்கு 15 மீட்டர் போதும். 20 மீட்டர் ஆழத்திலிருந்தே விடுபவருக்கு 30 மீட்டர் பொருந்தும். கையுறை அணிபவர், கையுறையுடனேயே துளையில் விரலை நுழைத்துப் பார்த்து வாங்க வேண்டும். நூல் பளிச்சென்ற நிறத்தில் இருக்கட்டும். பிளாஸ்டிக்கா உலோகமா என்பது, என் பார்வையில், பெரும்பாலும் விலை பற்றிய கேள்விதான்.

கைநழுவாமலிருக்க ஸ்பூலை உடலோடு கொக்கியில் மாட்டிக்கொண்டு மிதவையை விடுவது பாதுகாப்பு என்று சிலர் எண்ணுகிறார்கள். உண்மையில், நூல் சிக்கினால் மிதவை ஆளையும் சேர்த்து வேகமாக மேலே இழுத்துவிடும்.