வலி போய்விட்டது, கபடி ஆடலாமா?

கேள்வி: எனக்கு வயது 22, ஊர் கொழிஞ்சாம்பாறை. கபடியில் வலது முழங்கால் திருகி ஏ.சி.எல். லிகமென்ட் (முட்டிக்குள் எலும்புகளைப் பிணைக்கும் நார்) அறுந்துவிட்டது. கோயம்புத்தூரில் ஆபரேஷன் செய்து நாலு மாதம் ஆகிறது. இப்போது வலியே இல்லை. ஆனாலும் ஒன்பது மாதம் ஆடக்கூடாது என்கிறார் டாக்டர். டபிள்யூ.டபிள்யூ.இ. மல்யுத்த வீரர் சேத் ராலின்ஸ் ஆறே மாதத்தில் ரிங்குக்குத் திரும்பினாரே? ‘டபிள்யூ.டபிள்யூ.இ.யில் காயமே டிராமாதான்’ என்கிறார்கள் நண்பர்கள். எதை நம்புவது?

பதில்: டாக்டரை நம்புங்கள் தம்பி.

ராலின்ஸுக்கு 2015 நவம்பரில் டப்ளினில் பட்டது நிஜக் காயம். ஏ.சி.எல்., முட்டியின் உள்பக்க லிகமென்ட்டான எம்.சி.எல்., முட்டிக்குள் மெத்தை போலிருக்கும் மெனிஸ்கஸ் மூன்றும் கிழிந்தன. 2016 மே மாதம் வந்து முகம் காட்டினார், உண்மைதான். ஆனால் முழு மேட்ச் ஆடியது ஜூனில், ஏழு மாதம் தாண்டிய பிறகு. காலைத் தேற்றுவதே அவருக்கு அப்போது முழுநேர வேலை. அப்படியிருந்தும் 2017 ஜனவரியில் அதே வலது முழங்காலில் மறுபடி அடிபட்டது.

உங்கள் நண்பர்கள் சந்தேகப்படுவதிலும் நியாயம் இருக்கிறது. 2025 ஜூலையில் அதே ராலின்ஸ் முழங்கால் போய்விட்டதாகக் காட்டி, ஆகஸ்டில் ஊன்றுகோலோடு வந்து, அதை வீசிவிட்டு இன்னொரு வீரர் சி.எம். பங்கிடமிருந்து பட்டத்தைப் பறித்தார். கதையாக அது பிரமாதம். ஆனால் அதற்கப்புறம் நிஜமாகவே ஒருவர் கால் ஒடிந்து விழுந்தாலும் ரசிகன் சந்தேகத்தோடுதானே பார்ப்பான்? டபிள்யூ.டபிள்யூ.இ. கம்பெனியின் பெயருக்கு இது நல்லதல்ல என்பது என் கருத்து. அங்கே யார் ஜெயிப்பது என்பதை முன்பே முடிவு செய்யலாம். ஆனால் விழும்போது முழங்காலில் இறங்கும் பாரம் நிஜம். அதனால் அவர்கள் சொல்லும் தேதியை வைத்து உங்கள் காலுக்கு நாள் குறிக்காதீர்கள்.

இப்போது உங்கள் கால். லிகமென்ட் இருந்த இடத்தில் தொடையிலிருந்தோ முட்டிக்குக் கீழிருந்தோ எடுத்த நாரை வைத்துத் தைத்திருப்பார்கள். அந்த நார் முதல் சில மாதம் பலம் குறைந்து, ரத்த ஓட்டம் பிடித்து, அப்புறம்தான் மெதுவாக லிகமென்ட்டாக மாறும். இதற்கு ஒரு வருடத்துக்கு மேலும் ஆகலாம். உள்ளே இது நடப்பது உங்களுக்குத் தெரியாது, ஏனென்றால் வலி அதற்கு முன்பே போய்விடுகிறது. நாலாவது மாதத்தைக் கண்டு நான் பயப்படுவது இதனால்தான். 2016-இல் வெளியான நார்வே, அமெரிக்க ஆய்வு ஒன்றில், ஒன்பது மாதம் வரை விளையாட்டைத் தள்ளிப்போட்ட ஒவ்வொரு மாதத்துக்கும் மறுபடி காயமாகும் விகிதம் சுமார் பாதி குறைந்தது.

ஒன்பது மாதம் முடிந்ததும் நேராகக் களத்தில் இறங்கலாம் என்றும் இல்லை. முன்தொடைத் தசையின் பலத்தை பிசியோவிடம் அளந்து பாருங்கள். நல்ல காலில் இருப்பதில் 90 சதவீதமாவது வேண்டும். ஒற்றைக்காலில் தாண்டும் தூரமும் அப்படியே. கபடியில் ரெய்டர் சட்டென்று திரும்ப வேண்டும், எதிரணி கணுக்காலைப் பிடித்து இழுக்கும். அந்தத் திருகலில்தான் ஏ.சி.எல். போகும். எனவே முதலில் நேர் ஓட்டம், பிறகு வெட்டித் திரும்பும் பயிற்சி, பிறகு பிடி இல்லாத ரெய்டு, கடைசியில் மேட்ச்.

பக்கத்தில் எண்ணெய் தேய்த்து உருவிவிடும் உழிச்சல் வைத்தியர் இருப்பார். எண்ணெய் தடவிக்கொள்வதில் தப்பில்லை, ஆனால் முட்டியை அழுத்தி மடக்க விடாதீர்கள். மடக்கி நீட்டும் பயிற்சியை பிசியோ சொல்கிறபடி செய்யுங்கள். முட்டி வீங்கினாலோ, நடக்கும்போது ‘விட்டுப்போவது’ போல இருந்தாலோ, பயிற்சியை நிறுத்திவிட்டு ஆபரேஷன் செய்த டாக்டரிடமே போய்க் காட்டுங்கள்.