துப்பறியும் நாவல் எழுதுபவரை ஒரு நகரம் இலக்கியச் சாதனையாளர் என்று கௌரவிப்பது பொருத்தமா?

பொருத்தம்தான். ஸ்காட்லாந்தின் தலைநகரான எடின்பரோவில் ஓராண்டு படித்தவன் என்பதால் அந்த ஊரை வைத்தே சொல்கிறேன்.

2007இல் அந்த நகரம் 'எடின்பரோ விருது' என்று ஒன்றைத் தொடங்கியது. அதை முதன்முதலில் பெற்றவர் இயன் ரான்கின். ஜான் ரீபஸ் என்ற போலீஸ்காரரை வைத்துத் தொடர்ந்து நாவல்கள் எழுதுபவர். ஹாரி பாட்டர் எழுதிய ரவுலிங்குக்கே அடுத்த ஆண்டுதான் கிடைத்தது. விருது பெற்றவரின் கைத்தடங்களைக் கல்லில் பதித்து, சிட்டி சேம்பர்ஸ் என்கிற மாநகராட்சிக் கட்டடத்தின் முற்றத்தில் வைப்பது வழக்கம்.

அந்தக் கட்டடத்துக்கு அடியில் ஒரு பழைய தெரு இருக்கிறது. பெயர் மேரி கிங்ஸ் க்ளோஸ். 'க்ளோஸ்' என்றால் அந்த ஊரில் குறுகலான சந்து. 1645இல் கொள்ளை நோய் ஊரையே உலுக்கிய காலத்தில் இங்கும் ஜனங்கள் நெருக்கியடித்து வாழ்ந்திருக்கிறார்கள். 1753இல் மேலே புதுக் கட்டடம் எழுப்பத் தொடங்கியபோது, வீடுகளின் மேல்மாடிகளை இடித்துவிட்டு, கீழ்ப்பகுதிகளை அஸ்திவாரமாக வைத்துக்கொண்டார்கள். இன்று டிக்கெட் வாங்கி உள்ளே இறங்கிப் பார்க்கலாம். ரான்கின் 1994இல் எழுதிய 'மார்ட்டல் காஸஸ்' நாவலில் சித்திரவதை செய்து கொல்லப்பட்ட ஓர் இளைஞனின் உடல் கிடப்பது இந்தச் சந்தில்தான். மேலே ஊர் முழுக்கக் கலைவிழாக் கூட்டம். கீழே இருட்டில் பிணம்.

நான் முதலில் அந்தச் சந்தைப் பார்த்துவிட்டு, அப்புறம்தான் மேலே வந்து கைத்தடங்களைப் பார்த்தேன். ரொம்ப நேரம் அங்கேயே நின்றேன். எந்தக் கட்டடத்தின் அடியில் பிணத்தைக் கிடத்தினாரோ, அதே கட்டடத்தின் முற்றத்தில் அவர் கைக்கு இடம் கொடுத்திருக்கிறார்கள். கோட்டையையும் விழாவையும் மட்டும் காட்டும் எழுத்து எந்த ஊருக்கும் கிடைத்துவிடும். ஊரின் அடித்தளத்தைக் காட்டியவரைத் தேர்ந்தெடுத்ததால்தான் அந்த விருதின் மேல் எனக்கு மதிப்பு வந்தது.

'குற்றக்கதை இலக்கியமா' என்பதைப் பொறுத்தவரை, ரான்கின் குற்றக்கதை எழுத வேண்டும் என்று தொடங்கியவரே இல்லை. எடின்பரோ பல்கலைக்கழகத்தில் மூரியல் ஸ்பார்க்கின் நாவல்களை ஆராய்ந்துகொண்டிருந்த மாணவர். ஒரே மனிதன் நல்லவனாகவும் கொடியவனாகவும் மாறி மாறி வாழும் ஸ்டீவன்சனின் ஜெகில், ஹைட் கதையை இந்தக் காலத்து எடின்பரோவில் வைத்துப் பார்க்கும் எண்ணத்தில்தான் 1987இல் வந்த முதல் ரீபஸ் நாவலை எழுதினார். பகலில் ஒரு முகம், இரவில் ஒரு முகம் என்பது அந்த ஊருக்குப் புதிதல்ல. பகலில் நகரசபை உறுப்பினராகவும் இரவில் வீடு புகுந்து திருடுபவராகவும் வாழ்ந்த டீக்கன் பிராடியை 1788இல் தூக்கிலிட்டதும் அங்கேதான்.

ஆரம்ப நாவல்களில் ரீபஸ் வேலை பார்த்தது கற்பனையான காவல் நிலையத்தில். பிறகு கதையிலேயே அதை எரித்துவிட்டு, செயின்ட் லெனர்ட்ஸ் என்ற நிஜக் காவல் நிலையத்துக்கு அவரை மாற்றினார் ரான்கின். ரீபஸ் குடிக்கப் போகும் ஆக்ஸ்ஃபர்ட் பாரும் யங் தெருவில் நிஜமாகவே இருக்கிறது. அவர் குடியிருக்கும் ஆர்டன் தெருவில் ரான்கினே மாணவராக இருந்தபோது வாழ்ந்தார். 2004இல் வந்த 'ஃப்ளெஷ்மார்க்கெட் க்ளோஸ்' புலம்பெயர்ந்து வந்த ஒருவரின் கொலையில் தொடங்குகிறது. அந்த ஊரில் வெளியூர்க்காரனாக இருந்து படித்த எனக்கு அது சாதாரணத் துப்பறியும் கதையாகத் தெரியவில்லை. அகதிகளை அடைத்து வைப்பதையும் குடியிருப்புகளில் அவர்கள் மேல் காட்டப்படும் வெறுப்பையும் அவ்வளவு நேராக எழுதியிருக்கிறார்.

படிக்க நினைத்தால் முதல் நாவலில் தொடங்க வேண்டாம். அதில் ரீபஸ் இன்னும் முழுதாக உருவாகவில்லை. 'மார்ட்டல் காஸஸ்' எடுங்கள். அடுத்து, 1997இல் சிறந்த குற்ற நாவலுக்கான கோல்ட் டாகர் விருது வாங்கிய 'பிளாக் அண்ட் புளூ'. அது அபர்டீன் எண்ணெய்த் தொழில்வரை போகும், கொஞ்சம் பெரிய புத்தகம். நிதானமாகப் படியுங்கள்.