பத்து கம்ப்யூட்டர் சும்மா கிடைத்தால் வாங்கலாமா?

வட சென்னை வியாசர்பாடியில் மாலை டியூஷன் நடத்தும் ஒரு தம்பி கேட்கிறார்: "அண்ணா, ஒரு ஆபீஸில் பழைய டெஸ்க்டாப் பத்து தருகிறோம் என்கிறார்கள். எங்களுக்கு இருப்பது கேரம் மன்றத்தின் ஒரே ஒரு அறை, முப்பது பிள்ளைகள். எப்படி ஆரம்பிப்பது?"

பத்து வேண்டாம் தம்பி, ஐந்து போதும். ஒரு மெஷின் மானிட்டரோடு சேர்த்து 100 வாட் வரை இழுக்கும். பத்து மெஷின், மேலே ஃபேன், லைட், எல்லாம் ஒரே ப்ளக் பாயிண்டில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸுக்குள் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் செருகி ஓடினால் ஒயர் சூடாகும். எர்த் சரியில்லை என்றால் கேபினட்டைத் தொட்ட பிள்ளைக்குச் சுருக்கென்று அடிக்கும். முதல் செலவு எலக்ட்ரீஷியனுக்குத்தான். சிபியுவைத் தரையில் வைக்காதீர்கள், மிக்ஜாம் புயலில் உங்கள் பக்கம் தண்ணீர் எப்படி நின்றது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இப்போது ஏன் இவ்வளவு மெஷின்கள் சும்மா வருகின்றன? 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் வழக்கமான ஆதரவை நிறுத்திவிட்டது. இன்டெல் ஆறாம், ஏழாம் தலைமுறை சிப் உள்ள பெரும்பாலான மெஷின்களில் விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது, அதனால் ஆபீஸ்கள் கழிக்கின்றன. நமக்கு அதுவே தாராளம். 'ஹார்டு டிஸ்க்கை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்' என்று சொல்லுங்கள், அவர்களுக்கும் டேட்டா பயம் போகும். சென்னை ரிச்சி தெரு கம்ப்யூட்டர் கடைகளில் ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாகச் சின்ன எஸ்எஸ்டி வாங்கிப் போட்டு, விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலவச இயங்குதளத்தை ஏற்றினால் 4 ஜிபி ராமிலேயே (மெமரியிலேயே) சமாளிக்கும். லைசென்ஸ் காசும் இல்லை.

காசிமேட்டில் நாங்கள் ஆரம்பித்தபோது கொடுத்ததையெல்லாம் வாரிக்கொண்டு வந்தோம். பாதி மூலையில் கிடந்து கரப்பான்பூச்சிக்கு வீடானது. கடல்காற்று வேறு. திடீரென்று மெஷின் பீப் பீப் என்று கத்தித் திரை கறுப்பாகவே இருக்கும். மெயின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ராமைக் கழற்றி, அதன் தங்க நிற முனையைப் பென்சில் ரப்பரால் தேய்த்துத் துகளை ஊதிவிட்டு மாட்டினால் பல நேரம் உயிர் வந்துவிடும். பெரிய பிள்ளைகளுக்கு இதையே ஒரு பாடமாக வைத்தோம், ஆசையாகக் கற்றுக்கொண்டார்கள்.

சின்னவர்களுக்குப் படம் வரைய டக்ஸ் பெயின்ட், பெரிய பிள்ளைகளுக்கு தமிழ்99 விசைப்பலகையில் தட்டச்சு, அப்புறம் கட்டங்களை அடுக்கி புரோகிராம் எழுதும் ஸ்கிராட்ச். லினக்ஸில் ஸ்கிராட்சை ஓட்ட டர்போவார்ப் என்ற மென்பொருள் இருக்கிறது, நெட் இல்லாமலே ஓடும். எக்ஸெல் பாடத்தோடு மட்டும் ஆரம்பித்துவிடாதீர்கள், மூன்றாம் நாளே கூட்டம் கேரம் போர்டுக்குப் போய்விடும்.

முப்பது பேரை மூன்று குழுவாக்கி, குழுவுக்கொரு நாள், ஒரு மெஷினுக்கு இரண்டு பேர். பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை மவுஸ் கை மாற வேண்டும். அலாரம் வைக்காவிட்டால் பையன்கள் விடவே மாட்டார்கள், பெண் பிள்ளைகள் பின்னால் நின்று பார்த்துவிட்டுப் போவார்கள். ஐந்து மணிக்கே ஆரம்பியுங்கள், இருட்டினால் அவர்களை வீட்டில் அனுப்பத் தயங்குவார்கள்.

ஆபீஸில் ஒவ்வொன்றையும் ஆன் பண்ணிப் பார்த்தே எடுங்கள். ஆன் ஆகாததை 'ஸ்பேருக்கு ஆகும்' என்று தலையில் கட்டப் பார்ப்பார்கள், சிரித்துக்கொண்டே வேண்டாம் என்று சொல்லிவிட்டு வாருங்கள்.