புதிய கிளட்ச் உதறுவது குறித்து

வணக்கம் ஐயா. கூலிம் பக்கத்துத் தோட்டத்து மேட்டில், செம்பனை லோரிக்குப் பின்னால் நின்று கிளம்பும்போது, புதிய கிளட்ச் தட்டு போட்ட உங்கள் கன்சில் கார் உதறுகிறது, கருகிய வாடையும் வருகிறது என்று எழுதியிருந்தீர்கள்.

தட்டு, இன்ஜினோடு சுழலும் சக்கரமான ஃப்ளைவீலோடு முழுவதும் படியும் வரை, ஏறக்குறைய 500 முதல் 800 கிலோமீட்டர் வரை, லேசான உதறல் இருக்கலாம். நெடுஞ்சாலையில் ஒரே கியரில் ஓட்டினால் அது படியாது, நின்று நின்று போகும் டவுன் ஓட்டத்தில்தான் படியும். கருகிய வாடையை மட்டும் தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள். கன்சிலில் இருப்பது கேபிள் கிளட்ச் என்பதால், பெடலைக் கையால் மெல்ல அழுத்திப் பாருங்கள்; தொடக்கத்தில் சிறிதும் தளர்வின்றி உடனே இறுகினால், கேபிள் அதிகமாக இழுத்துக் கட்டப்பட்டுத் தட்டு வழுக்கித் தேய்கிறது என்று பொருள். அதைச் சரிசெய்த பிறகும் உதறினால், ஃப்ளைவீலைக் கடைசல் பிடித்துச் சமமாக்கினார்களா, இன்ஜினின் பின்பக்க ஆயில் சீல் கசிகிறதா என்று பட்டறையில் கேளுங்கள். எண்ணெய் ஊறிய தட்டைக் கழுவி மாட்டச் சம்மதிக்காதீர்கள்.