பட்டத்தை மறைக்கலாமா?

கேள்வி: வேதியியலில் பி.எச்டி. முடித்திருக்கிறேன். நானோ துகளும் புற ஊதா விளக்கும் வைத்து மெத்திலீன் ப்ளூ சாயத்தை நிறம் நீக்குவது என் ஆய்வு. தனியார் கல்லூரிச் சம்பளம் கட்டுப்படியாகாமல் திருப்பூர்ப் பக்கம் வேலை தேடுகிறேன். "இவ்வளவு படிச்சவங்க இங்க நிலைக்க மாட்டீங்க" என்று அனுப்பிவிடுகிறார்கள். எம்.எஸ்சி. என்று மட்டும் போடலாமா?
– வாசகி, கோபிசெட்டிபாளையம்

பதில்: வேண்டாம் அம்மிணி. எம்.எஸ்சி.யோடு நிறுத்தினால், அதுக்கப்புறம் இத்தனை வருசம் என்ன பண்ணுனீங்கன்னு கேட்பாங்க. அதுக்கு ஒரு பொய் தேடணும்.

நானும் பி.எச்டி.யோடு பெருந்துறைப் பக்கம் ஒரு சாயப்பட்டறை லேபுக்குப் போனவள்தான். என் ஆய்வுத் தலைப்பை அங்கே யாரும் கேட்கவில்லை. "உப்பு எவ்வளவு திரும்ப எடுக்கலாம்ங்க?" என்றுதான் முதலாளி கேட்டார். பனியன் துணிக்கு யாரும் மெத்திலீன் ப்ளூ போடுவதில்லை, ரியாக்டிவ் சாயம்தான். அது துணியில் ஏற லிட்டருக்கு 50 கிராம் உப்புப் போடுவதெல்லாம் சாதாரணம். கூடவே சலவைச் சோடா, துணியை மெதுவாக்கும் சாஃப்ட்னர். காய்ச்சி வடித்த தண்ணீரில் அழகாக வேலை செய்த உங்கள் துகள் இந்த உப்பில் திணறும், விளக்கு வெளிச்சமும் உள்ளே இறங்காது. 2011-ல் உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூடச் சொன்ன பிறகு, சொட்டுக் கழிவுகூட வெளியே விடக் கூடாது என்பது கறாராகிவிட்டது. நிறம் போனால் போதாது. கழிவுநீரை வடிகட்டும் ஆர்.ஓ. சவ்வு அடைக்கக் கூடாது, மிச்ச நீரை ஆவியாக்கும் எவாப்பரேட்டருக்கு எரிபொருள் கட்டுப்படியாகணும், மிஞ்சும் கலப்பு உப்பை எங்கே கொட்டுவது என்று தெரியணும்.

தெரிந்த பட்டறையில் கேட்டு ஒரு கேன் கழிவுநீர் வாங்குங்க. உங்கள் முறையில் சுத்திகரித்து, முன்னும் பின்னும் சி.ஓ.டி. (கழிவின் அளவைக் காட்டும் ஆக்சிஜன் தேவை), டி.டி.எஸ். (கரைந்திருக்கும் உப்புகளின் அளவு), கடினத்தன்மை பாருங்க. ஆயிரம் லிட்டருக்கு எத்தனை ரூபாய் ஆகும் என்று ஒரே தாளில் எழுதுங்க. சரிவராவிட்டால் ஏன் வரவில்லை என்று எழுதுங்க, அதுவும் அவர்களுக்கு வேண்டிய விசயம்தான். பயோடேட்டாவில் கட்டுரைப் பட்டியலைச் சுருக்கி, கையாண்ட கருவிகளை மேலே போடுங்க.

"நிலைக்க மாட்டீங்க" என்பதற்கு அர்த்தம், டி.ஆர்.பி. (ஆசிரியர் தேர்வு வாரியம்) அறிவிப்பு வந்தால் ஓடிவிடுவீர்கள் என்ற பயம். அது நியாயமான பயம். பழக்கிவிட்ட ஆள் பாதியில் போனால் ஷிஃப்டே தடுமாறும். தேர்வு எழுதும் எண்ணம் இருந்தால் மறைக்காமல், இத்தனை வருசம் இருப்பேன் என்று நீங்களே சொல்லிவிடுங்க. பட்டறை ஒத்துவராவிட்டால் சாயம், ரசாயனம் விற்கும் கம்பெனிகளின் டெக்னிக்கல் சர்வீஸ், என்.ஏ.பி.எல். (பரிசோதனைக் கூடங்களுக்கான தேசிய வாரியம்) அங்கீகாரம் பெற்ற பரிசோதனைக் கூடங்கள், கோவையில் இருக்கும் ஜவுளி ஆராய்ச்சி நிறுவனமான சிட்ரா மாதிரி இடங்களிலும் கேட்டுப் பாருங்க. அங்கே உங்கள் பட்டத்துக்கு மதிப்பு அதிகம்.