'கொலம்போ' என்ற அமெரிக்க துப்பறியும் டிவி தொடரில் கொலையாளியை முதலிலேயே காட்டிவிடுகிறார்களே, அப்புறம் என்ன சஸ்பென்ஸ்?

எப்படி மாட்டுவான் என்பதுதான் சஸ்பென்ஸ். 1971-இல் ஸ்பீல்பெர்க் இயக்கிய 'மர்டர் பை த புக்' எபிசோடைப் பாருங்கள். சேர்ந்து துப்பறியும் கதை எழுதும் இருவரில் ஒருவன், கூட்டாளியைச் சான் டியாகோ பக்கமுள்ள தன் ஓய்வு வீட்டுக்கு அழைத்துப் போகிறான். அங்கிருந்து 'ஆபீஸில்தான் இருக்கிறேன்' என்று கூட்டாளியை அவன் மனைவிக்கு போன் பண்ண வைத்து, பேச்சின் நடுவிலேயே சுடுகிறான். கொலை ஆபீஸ் இருக்கும் லாஸ் ஏஞ்சலஸில் நடந்ததாக அவளே சாட்சி சொல்வாள். கில்லாடி!

கசங்கிய மழைக்கோட்டோடு துப்பறிவாளர் கொலம்போவாக வரும் நடிகர் பீட்டர் ஃபாக், கொலையாளியிடம், சேதி கேட்டதும் விமானம் பிடிக்காமல் ஏன் காரில் வந்தீர்கள் என்று அப்பாவியாகக் கேட்பார். டிக்கியில் பிணம் இருந்தது நமக்குத் தெரியும். அவர் அதை எப்போது பிடிப்பார் என்ற தவிப்பில்தான் எபிசோடே ஓடுகிறது. கடைசியில் கிடைக்கும் ஆதாரம் மட்டும், என்னைக் கேட்டால், கொஞ்சம் சப்பை.